ஆசிரியை மாறிப் போனால் வகுப்பு யாரிடம்? மூடுல், கூகுள் கிளாஸ்ரூம்: ஓர் ஒப்பீடு

இணையவழிக் கற்பித்தலுக்கு ஆசிரியர்களைப் பழக்கும் வேலை என் பொறுப்பில் வந்தபோது, எந்தத் தளத்தில் பழக்குவது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. திருகோணமலை நகரில் ஒரு கணினி நிலையத்தில் பயிற்சி நடத்துகிறேன். நிலாவெளி, குச்சவெளி, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வருகிறார்கள். புல்மோட்டையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டு வருபவர்களும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் கூகுள் கிளாஸ்ரூமில் பழக்கினேன். பிறகு மூடுலுக்கு மாறினேன். இப்போது யார் கேட்டாலும் மூடுலையே சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைகொடுத்தது அதுதான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் நாற்பது பிள்ளைகள் அனுப்பிய கொப்பிப் படங்கள் ஒரே குழுவில் வந்து குவிந்தால், எது யாருடையது என்று தேடுவதிலேயே இரவு கழிந்துவிடும்.

கிளாஸ்ரூமின் பலத்தை எல்லோரும் அறிவார்கள். 2014இல் வந்தது, 2017 முதல் சாதாரண ஜிமெயில் கணக்கு வைத்திருக்கும் எவரும் வகுப்புத் தொடங்கலாம். ஆசிரியர்களின் கைப்பேசியில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. வாடகை இல்லை, சேர்வர் இல்லை. காலையில் வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் வகுப்பை உருவாக்கி, வகுப்பில் சேருவதற்கான குறியீட்டைப் பிள்ளைகளுக்கு அனுப்பி, முதல் ஒப்படையையும் கொடுத்துவிடுவார். இந்த வேகத்தை மூடுலில் எதிர்பார்க்கவே முடியாது.

மூடுல் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கிய திறந்த மூல மென்பொருள்; இணைய வகுப்புகளை நடத்த அதை நம் சொந்த சேர்வரில் நிறுவிக்கொள்ளலாம். முதல் பதிப்பு 2002இல் வெளிவந்தது. நமக்கு அது அந்நியமானதும் அல்ல. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ மூடுலில் அமைக்கப்பட்டது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அதையே பயன்படுத்துகிறது. ஆனால் பழகாத ஒருவர் முதல் நாளில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் மலைத்துப் போவார். ஒரு வினாவிடையை உருவாக்கவே திரையை நான்கு ஐந்து தடவை கீழே தள்ள வேண்டும். தமிழ் மொழிப்பொதி இருந்தாலும் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாததால், சில பொத்தான்கள் தமிழிலும் சில ஆங்கிலத்திலும் வருகின்றன. முதல் தொகுதியில் ஓர் அனுபவமுள்ள கணித ஆசிரியர், "சேர், இது எங்களுக்கு வேண்டாம்" என்று எழுந்தே விட்டார். அதன் பிறகு நான் நான்கே விடயங்களைத்தான் காட்டுகிறேன்: பக்கம், கருத்துக்களம், ஒப்படை, வினாவிடை. மற்றவற்றை அவர்களே தேடிக் கேட்கும் நாள் வரும்போது சொல்லிக் கொடுக்கிறேன்.

இவ்வளவு சிரமம் இருந்தும் ஏன் மாறினேன்? ஒரே காரணம், இடமாற்றம்.

குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியை, என் பயிற்சியில் எல்லோரையும் விட உற்சாகமாக இருந்தவர். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் கிளாஸ்ரூமில் வகுப்பு நடத்தினார். அலகுவாரியாகக் குறிப்புகள், கையால் வரைந்து படமெடுத்த வரிப்படங்கள், கடந்தகால வினாத்தாள்களுக்கு அவரே எழுதிய விளக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. சிறுநீரகத்தியின் (நெப்ரோன்) படத்தைச் சிவப்பு, நீலப் பேனாக்களால் நான்கு கட்டங்களாக வரைந்திருந்தார். அதை மற்ற ஆசிரியர்களுக்கு மாதிரியாகக் காட்டியிருக்கிறேன். ஆண்டு இறுதியில் வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய இடத்துக்கு முதல் நியமனத்தில் வந்த இளம் ஆசிரியை என்னிடம் கேட்டார்: "சேர், அந்த டீச்சரின் வகுப்பை எனக்குத் திறந்து தர முடியுமா?"

முடியவில்லை. தனிப்பட்ட ஜிமெயிலில் தொடங்கிய வகுப்புக்கு அந்தக் கணக்குக்காரர்தான் உரிமையாளர். அவர் தன் கையால் மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு. மேலே நின்று மாற்றிக் கொடுக்க நிர்வாகி என்று ஒருவர் இல்லை. பழைய ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மனமாரச் சம்மதித்தார். ஆனால் கைப்பேசி பழுதாகிப் புதியது வாங்கியிருந்தார், இலக்கமும் மாறியிருந்தது. கடவுச்சொல்லை ஆரம்பத்தில் மகன் போட்டுக் கொடுத்தாராம். அது மகனுக்கும் நினைவில்லை. மீட்புக் குறியீடு பழைய இலக்கத்துக்குத்தான் போனது. ஒரு மாலை முழுவதும் தொலைபேசியிலேயே முயன்றும் பலனில்லை. பிள்ளைகளின் திரையில் வகுப்பு தெரிந்தது. அதில் ஒரு வரியைத் திருத்தவோ புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ யாருக்கும் வழியில்லை. புதிய ஆசிரியை முதலாம் அலகிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையையும் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது.

இதில் ஆசிரியையின் தவறு எதுவும் இல்லை. பயிற்சியில் அவரிடம் தனிப்பட்ட கணக்கில் வகுப்பைத் தொடங்கச் சொன்னவன் நான். நமது மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஒரே பாடசாலையில் நிலைத்து நிற்பார் என்று யாரும் எண்ணுவதில்லை. கடினப் பிரதேசங்களிலிருந்து நகரத்துக்கும் சொந்த மாவட்டத்துக்கும் மாறிப் போக எல்லோருக்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அப்படிப் போகும் ஒவ்வொருவரோடும் வகுப்பும் போய்விட்டால், நட்டம் ஈச்சிலம்பற்று, வெருகல் போன்ற தூரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத்தான்.

மூடுலில் பாடம் தளத்துக்கு உரியது. ஆசிரியர் அதில் ஒரு பொறுப்பில் சேர்க்கப்பட்டவர் மட்டுமே. ஒருவர் போனால் அவருடைய பெயரை எடுத்துவிட்டு அடுத்தவரின் பெயரைச் சேர்த்தால் போதும். குறிப்புகளும் வினாக்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். போகிறவரும் வெறுங்கையோடு போகத் தேவையில்லை. பாடம் முழுவதையும் ஒரே காப்புக் கோப்பாக எடுத்து பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். புதிய பாடசாலையில் மூடுல் இருந்தால் அங்கே அப்படியே விரித்துக்கொள்ளலாம்.

வினா வங்கிதான் இதில் நான் அதிகம் மதிப்பது. ஓர் அலகுக்கு முப்பது பல்தேர்வு வினாக்களைச் சேர்த்து வைத்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவற்றிலிருந்து வெவ்வேறு ஐந்தைத் தளமே எடுத்துக் கொடுக்கும். இந்த ஆண்டு ஒருவர் பத்து எழுதினால், அடுத்த ஆண்டு வருபவர் இன்னும் பத்தைச் சேர்க்கலாம். எளிய வழியும் உண்டு: நோட்பேடில் வினா ஒரு வரி, A. B. என்று எழுத்திட்ட விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசியில் ANSWER: என்று போட்டுச் சரியான விடையின் எழுத்து. அந்தக் கோப்பை ஏற்றினால் எல்லா வினாக்களும் ஒரே தடவையில் வங்கிக்குள் வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஆசிரியர்களில் பலர் இன்னும், ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பீடிஎஃப் ஆக்கி ஏற்றினால் அதன் சிக்கல் வெளியே தெரியாது. வினா வங்கியில் ஏற்றினால் வரலாற்று வினா முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்த ஆசிரியை, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்துவிட்டார். பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றுவதற்கே இப்போது பயிற்சியில் அரை நாள் ஒதுக்குகிறேன். கிளாஸ்ரூம் என்றாலும் கூகுள் படிவத்தில் இதே சிக்கல் வரும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூடுலின் கைப்பேசிச் செயலியில் பாடத்தைத் தரவிறக்கி வைத்து இணையம் இல்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாவிடையையும் அப்படியே செய்து, இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பிவிடலாம். அதற்கு நேர வரம்பு வைக்கக் கூடாது. சரி பிழை உடனுக்குடன் காட்டும்படியும் அமைக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். பிறகு செயலி வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பயிற்சி நடத்தும் விதத்தையும் தளத்தோடு சேர்த்தே மாற்றினேன். முன்பு முதல் நாளே, வகுப்பை எப்படி உருவாக்குவது என்று காட்டிவிடுவேன். இப்போது முதல் இரண்டு வாரங்கள் ஆசிரியர்கள் மாணவர்களாகவே இருக்கிறார்கள். வீட்டிலிருந்து, தங்கள் சொந்த டேட்டாவில், நான் வைத்த பாடத்தைப் படித்து ஒப்படை செய்ய வேண்டும். நான் பதில் எழுதத் தாமதித்தால் எப்படி இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. மூன்றாம் வாரம் ஒவ்வொருவருக்கும் வெறுமையான ஒரு பாடத்தைக் கொடுக்கிறேன். மூதூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் அதில் அறுபது பக்கப் பீடிஎஃப் ஒன்றை ஏற்றினார். ஒரு வாரம் கழித்து, யார் எதைத் திறந்தார்கள் என்று மூடுல் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து காட்டினேன்: சக ஆசிரியர்களில் மூன்று பேர்தான் அதைத் திறந்திருந்தார்கள். அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அதே பாடத்தை மூன்று மூன்று பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஐந்து வினாக்கள் வைத்திருந்தார். இந்த விவரமான பதிவேடு கையில் இல்லாவிட்டால் நான் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அவர் ஏற்றிருப்பாரா என்பது சந்தேகம்.

பராமரிப்பு மூடுலின் பெரிய சுமை. சேர்வர் வாடகை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போட வேண்டும். ஆசிரியர்கள் வீடியோக்களை நேரடியாக ஏற்றியதால் ஒரு தவணையின் நடுவில் சேர்வரின் வட்டு நிரம்பித் தளம் இரண்டு நாள் நின்றுவிட்டது. அன்று முதல் வீடியோ யூடியூபில், இணைப்பு மட்டும் மூடுலில் என்பது கட்டாய விதி. கூகுள் பக்கம் இந்தக் கவலை குறைவு. ஆனால் இலவசக் கணக்கின் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் குடும்பப் புகைப்படங்களும் வகுப்புக் கோப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன.

நிர்வாகியின் கடவுச்சொல் என் ஒருவனிடம் மட்டும் இருந்தால், அந்த விஞ்ஞான ஆசிரியைக்கு நேர்ந்தது நாளை மாவட்டம் முழுவதற்கும் நேரும். அதனால் அதை இரண்டு பேர் அறிவோம். எழுதி ஒட்டிய உறையில் அலுவலகப் பெட்டகத்திலும் இருக்கிறது.

என் அனுபவம் எட்டாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைக்கென்று சொந்த டொமைன் (இணைய முகவரி) எடுத்து, கூகுளின் கல்விக் கணக்குகளை நிர்வாகியோடு நடத்தினால், இடமாற்றம் பற்றிய என் முறைப்பாடு பெரும்பாலும் விழுந்துவிடும். அப்படி ஒரு பாடசாலையில் நான் வேலை செய்ததில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் பரீட்சை எழுதினால் எங்கள் சிறிய சேர்வர் தாங்குமா என்று சோதித்தும் பார்க்கவில்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இரண்டுமே பொருந்துமா என்பதிலும் எனக்கு உறுதியில்லை. தனி ஒருவராக ஒரே வகுப்புக்கு ஒரு தவணை மட்டும் நடத்தப் போகும் ஆசிரியர் தாராளமாகக் கிளாஸ்ரூமையே எடுக்கலாம்.

கடந்த மாதம் நான் விலகி நின்று, சக பயிற்றுநரிடம் தளத்தின் காப்புக் கோப்பு உள்ள பென் டிரைவை மட்டும் கொடுத்து, வெறும் மடிக்கணினி ஒன்றில் தளத்தை மீட்டெடுக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது; இடையில் ஒரு தடவைதான் என்னைக் கேட்டார். முதலில் திறந்து பார்த்தது அந்த இளம் ஆசிரியையின் விஞ்ஞானப் பாடத்தை. வரிப்படங்கள் எல்லாம் வந்திருந்தன. அவரும் இந்த ஆண்டு இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்.