எல்லைச் சுவரா, கேமராவும் நீதிமன்றமுமா?

அமெரிக்கா–மெக்சிகோ எல்லை சுமார் 3,100 கி.மீ. அங்கே சுவர் கட்டுவதா, இல்லை கண்காணிப்புக் கோபுரங்களுக்கும் குடியேற்ற நீதிமன்றங்களுக்கும் (வந்தவர்களில் யார் தங்கலாம், யாரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்ப்பவை) பணத்தைப் போடுவதா என்று குழம்புகிறவர்களுக்கு.

செலவு
சுவர்: டிரம்ப்பின் முதல் ஆட்சியில் ஒதுக்கியது ஏறக்குறைய 1,500 கோடி டாலர்; கட்டி முடித்தது சுமார் 730 கி.மீ. அதிலும் பெரும்பகுதி பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டதுதான்.
கேமராவும் நீதிமன்றமும்: கட்டுமானச் செலவு குறைவு, ஆனால் சம்பளம் வருடாவருடம் போகும்.

உறுதி
சுவர்: சில இடங்களில் 30 அடி உயரம், கான்கிரீட் நிரப்பிய இரும்புக் கம்பங்கள். அதையும் கடையில் கிடைக்கும் பேட்டரி ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். ஏணி போட்டு ஏறி, விழுந்து, கணுக்கால் நொறுங்கி சான் டியேகோ மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் ஏராளம். அரிசோனாவில் மழைக்காலம் வந்தால் வெள்ளம் போக வழிவிட்டுக் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள்.
கேமரா: பழுதானால் மாற்றலாம். ஓடிப்போய்ப் பிடிக்க ஆள் வேண்டும்.

பலன்
சுவர்: விசாவில் விமானமேறி வந்து, காலம் முடிந்தும் தங்கிவிடுகிறவர்களை என்ன செய்யும்? புகலிடம் கேட்டுத் தாங்களாகவே காவலரிடம் வந்து நிற்கும் குடும்பங்களை?
நீதிமன்றம்: 2024-இல் 30 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேக்கம். பலருக்குத் தீர்ப்பு வர வருடக்கணக்கில் ஆகிறது, அது கொடுமை.

சரி, எது எங்கே? எல்லையைத் தாண்டினால் சில நிமிடங்களில் தெருவுக்குள் மறைந்துவிடக்கூடிய எல் பாசோ மாதிரி ஊர்களில் சுவர் உதவும். பாலைவனத்துக்குக் கேமரா போதும். ஒரே ஒரு இடத்தில்தான் பணம் போட முடியுமென்றால், என் ஓட்டு நீதிபதிகளுக்கே.