தேக்காவில் புதையல் வேட்டை: தாளா, ஜிபிஎஸ்ஸா, கியூஆரா?

சிங்கப்பூரில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது வகுப்பறைக்குள் மட்டும் பேசுகிற மொழி. வாசலைத் தாண்டியதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அந்தத் தாவலைத் தடுக்கத்தான் அவர்களைப் புதையல் வேட்டைக்கு வெளியே அழைத்துப் போகிறேன். மூன்று விதமாகவும் நடத்திப் பார்த்தாயிற்று.

பிள்ளைகளை முதலில் இழுப்பது ஜிபிஎஸ் வேட்டைதான். 2000 மே 2 அன்று, ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. தமிழ் என்றாலே கடைசி வரிசைக்குப் போகிற பையன்கூட இதற்கு முதல் ஆளாக வந்து நிற்கிறான். ஆனால் கைப்பேசியின் அம்புக்குறி வழிகாட்டும்போது மொழிக்கு என்ன வேலை? அதிலும் தேக்காவின், அதாவது லிட்டில் இந்தியாவின், கடைவீட்டு வரிசைகளுக்கு நடுவே அம்பு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் குதிக்கும். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைப் பார்த்தால் மக்கள் பதறுவார்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்கா போன்ற திறந்த புல்வெளிக்கு இது சரி. அங்கேயும் ஒரு மாற்றம் செய்தேன். கைப்பேசி ஒருவரிடம், தேடுவது இன்னொருவர். “இடப்பக்கம் திரும்பு, பத்து அடி நட, இல்லை இல்லை, மரத்துக்குப் பின்னால!” திசையைக் காட்டும் சொற்களும் ஏவல் வினையும் தானாக வந்து விழுந்தன.

கியூஆர் கோடு கேட்டல் பயிற்சிக்கு நல்லது. கோட்டை ஸ்கேன் செய்தால் ஒலிக்கும்படி யாழ்ப்பாணத்துக்காரர் குரலையும் தஞ்சாவூர்க்காரர் குரலையும் பதிவுசெய்து வைக்கலாம். ஒட்டுவதற்கு அனுமதி கேட்டு அலைய வேண்டும். ஒருமுறை மழை வந்து பாதித் தாள்கள் ஊறிப்போயின.

என் ஓட்டு தாளுக்குத்தான். தாளில் நான்கு வரி, எழுத்துத் தமிழில். ஒரு குறிப்பு இது: “ஒரே விலங்கின் பெயர், இரண்டு மொழிகளில், அருகருகே இரண்டு தெருக்களுக்கு. எந்த விலங்கு?” பஃபலோ ரோட்டில் நின்றுகொண்டு திணறினார்கள். அப்புறம் ஒருத்திக்கு, அடுத்த தெருவின் பெயரான கெர்பாவ், எருமைக்கு மலாய்ச் சொல் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் இங்கே நடந்த மாட்டு வியாபாரத்தைப் பற்றி நான் வகுப்பில் சொன்னபோது யாரும் காதில் வாங்கியதில்லை. அன்றைக்கு அவர்களே கேட்டார்கள்.

அடுத்த குறிப்பு: “பூ விற்பவரிடம் முழம் என்றால் எவ்வளவு என்று கேட்டு, கயிற்றில் அளந்து வருக.” பூக்கட்டும் அம்மா அளவை எண்ணில் சொல்லவில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை மல்லிகைச் சரத்தை இழுத்துக் காட்டி, “இதாம்மா ஒரு மொழம்” என்றார். தாளில் ‘முழம்’, காதில் ‘மொழம்’. இரண்டும் ஒன்றுதானா என்று, கேட்கப் போன பிள்ளை என்னைப் பார்த்தாள். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் தடுமாறி, வாயையே மூடிக்கொள்கிறார்கள். படிப்பது ஒரு தமிழ், கேட்பது இன்னொரு தமிழ் என்பதை ஒரே நிமிடத்தில் உடம்பால் உணரவைக்கும் வேலையை மற்ற இரண்டு வேட்டைகளும் செய்வதில்லை.

தாள் வேட்டையில் உழைப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துக் குறிப்பு எழுத இரண்டு மாலை போய்விடும். பிள்ளைகள் தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டால், பாவம் என்று கடைக்காரர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். முதல் முறை அப்படித்தான் ஆட்டமே கெட்டது. இப்போது முந்தின நாளே கடை கடையாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன்: “அண்ணே, நாளைக்குப் பிள்ளைங்க வருவாங்க. எவ்வளவு திணறினாலும் தமிழ்லயே பேசுங்க.”