பத்திரம் சரியாக இருந்தும் ஏமாறுகிறார்கள்: இரண்டு ஏரியாக்களை ஒப்பிட்டு வீடு வாங்குவோருக்கு எச்சரிக்கை

பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் வக்கீல் பிடித்துவிடுவார். சுவரில் விரிசல் இருந்தால் பொறியாளர் சொல்லிவிடுவார். ஆனால் இந்த ஏரியாவா, அந்த ஏரியாவா என்று தடுமாறும் நேரத்தில் நடக்கும் ஏமாற்று இவர்கள் இருவர் கண்ணிலும் படாது. அங்கே காட்டப்படுவது ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஒரு ஏரியாவை ஒரு கோலாலும் அடுத்ததை வேறு கோலாலும் அளந்து காட்டுவதில்தான் கோளாறு. குடிபோய்ச் சில மாதம் கழித்துத்தான் இது உறைக்கும். அதற்குள் கையெழுத்துப் போட்டாகியிருக்கும்.

வழக்கமாக நடப்பது இது. வாங்குபவருக்கு மனசு பழைய ஏரியாவில். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தரகர் கையில் விற்காமல் தேங்கிக் கிடக்கும் வீடுகளோ ஊர் விளிம்பில் வளரும் புது ஏரியாவில். அங்கே கமிஷனும் கூடுதல். "அதை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்" என்று அவர் சொல்லவே மாட்டார். முதலில் பழைய ஏரியாவில் இரண்டு வீடு காட்டுவார். ஒன்று வெளிச்சமே நுழையாத தரைத்தளம், இன்னொன்று குழாய் முழுவதையும் மாற்ற வேண்டிய பழங்கட்டடம். அதுவும் வேலைநாள் மாலை, நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது. மறுநாள் விடுமுறைக் காலையில், ஏசி ஓட, ஜன்னல் சாத்தியிருக்க, புது ஏரியாவின் மாடல் ஃபிளாட். திரும்பும் வழியில் வாங்குபவர் தானே யோசித்து முடிவெடுத்ததாக நினைப்பார். கையில் இருக்கும் சரக்கு பழைய ஏரியாவில் என்றால் இதே நாடகம் தலைகீழாக நடக்கும்.

இதற்கு மாற்று ஒன்றுதான். ஒவ்வொரு ஏரியாவிலும் குறைந்தது மூன்று வீடு பாருங்கள். அளவு, கட்டடத்தின் வயது, மாடி ஆகியவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஒரே தரகரை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தந்த ஏரியாவில் மட்டும் தொழில் செய்பவரைத் தேடுங்கள்.

அதிகம் பேர் விழுவது விலையில். "இங்கே சதுர அடி 100, அங்கே 95" என்று சொன்னதும் இரண்டாவது மலிவு என்று தோன்றும். எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். 1,000 சதுர அடி என்று விற்கும் வீட்டில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, பொது மண்டபம் ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கலாம். முதல் வீட்டில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் தரைப் பரப்பு, 800 என்றால், மொத்த விலை 1,00,000-ஐ 800-ஆல் வகுத்தால் உண்மையான விலை 125. இரண்டாவதில் கார்பெட் ஏரியா 700 என்றால் 95,000-ஐ 700-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 136 வரும். மலிவு என்றது விலை கூடுதலாகிவிட்டது. பார்க்கிங், மின் இணைப்பு, பராமரிப்பு வைப்புத்தொகை, உயர மாடிக்கான கூடுதல் கட்டணம் இவை உள்ளே அடக்கமா, வெளியே தனியா என்பதையும் இரண்டு பக்கமும் எழுதி வாங்குங்கள். இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு ஏரியாவுக்கு விற்பவர் கேட்கும் விலையையும் அடுத்ததற்குப் பேரம் பேசி முடிந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். கேட்கும் விலையைக் கேட்கும் விலையோடும், பதிவான விலையைப் பதிவான விலையோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

பயண நேரமும் அப்படியே. "ஸ்டேஷன் பத்து நிமிஷம்" என்றால் நடந்தா, வண்டியிலா, எத்தனை மணிக்கு? சாதாரண நடைக்கு நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்று வையுங்கள். பத்து நிமிஷ நடை 800 மீட்டர்தான். வரைபடத்தில் நேர்கோட்டில் 800 மீட்டராகத் தெரியும் இடம், நடுவில் தண்டவாளமோ கால்வாயோ குறுக்கிட்டால் இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். வேலைநாள் ஒன்றில், நீங்கள் கிளம்பும் அதே மணிக்கு, அந்த வாசலிலிருந்து வேலை செய்யும் இடத்தின் வாசல் வரை போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். ஒரு வழிக்கு 25 நிமிஷம் கூடினால் ஒரு நாளைக்கு 50. வருஷத்துக்கு 240 வேலைநாள் என்றால் 200 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக் கணக்கில் இருபத்தைந்து நாள். விலை வித்தியாசத்துக்கு எதிரே இதையும் எழுதுங்கள்.

"ரயில் வரப்போகிறது, மேம்பாலம் வரப்போகிறது" என்ற பேச்சுக்கு ஒரே கேள்வி போதும்: எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அறிவிப்பு, சாத்தியக்கூறு ஆய்வு, நிதி ஒப்புதல், நிலம் கையகப்படுத்தல், டெண்டர், கட்டுமானம் என்று ஆறு படி உண்டு. முதல் இரண்டு படியில் நிற்கும் திட்டத்துக்காகச் சல்லிக்காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வராத ரயிலின் விலை ஏற்கெனவே வீட்டு விலையில் ஏறியிருக்கும். ஜன்னலுக்கு எதிரே தெரியும் காலி நிலம், திறந்த வானம் இவற்றுக்கும் இதே எச்சரிக்கை. நகரத் திட்ட வரைபடத்தில் அந்த நிலத்தின் பயன்பாடு என்ன, எத்தனை மாடி அனுமதி என்று பாருங்கள். சாலை விரிவாக்கக் கோடு உங்கள் சுற்றுச்சுவரைத் தொடுகிறதா என்பதும் அதிலேயே தெரிய வாய்ப்புண்டு.

வெள்ளம் பற்றி விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருவைப் பார்த்தால் தெரியும். சுற்றுச்சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் கறைக் கோடு, உயர்த்தி மாட்டிய மின் மீட்டர், புது வீடுகளெல்லாம் உயர்ந்த அடித்தளத்தில் நிற்கப் பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து கிடப்பது, கடை வாசலில் கட்டிய தடுப்புத் திண்டு. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அதற்குக் கீழே உப்புப் பூத்திருக்கலாம். ஈரம் மண்ணிலிருந்து ஏறும் உயரம் பெரும்பாலும் அவ்வளவுதான். முடிந்தால் கனமழை பெய்த மறுநாள் போங்கள்.

சத்தத்தை இரவில் அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைச் சத்தம் இரவில் சராசரி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. கைபேசிச் செயலி துல்லியமாக அளக்காது. ஆனால் ஒரே கைபேசியால், ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு ஏரியாவிலும் ஒரே மணிக்கு அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். குப்பைக் கிடங்கோ கழிவுநீர் நிலையமோ பக்கத்தில் இருந்தால், காற்று அங்கிருந்து வீசும் பருவத்தில் போகாத வரை நாற்றம் தெரியாது. அதனால் இப்போது மூக்குக்கு எட்டவில்லை என்பதை நம்பாமல் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள்.

காலை நெருக்கடி நேரத்தில் மேல்மாடிக் குழாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிஷத்தில் நிறைந்தால் பரவாயில்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் காரணம் கேளுங்கள். தொட்டியா, குழாயா, வரத்தே குறைவா என்று மூன்றுக்கும் செலவு வேறு.

இத்தனையையும் பார்க்கவிடாமல் தடுக்கத்தான் அந்த ஃபோன் வரும்: "இன்னொருவர் இன்று மாலை அட்வான்ஸ் கொடுக்கிறார்." அந்த அவசரத்தில் டோக்கன் கொடுத்தவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை நாளுக்குள் எந்தக் காரணத்துக்காகப் பின்வாங்கினால் பணம் முழுதாகத் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் ரத்து விதியைப் படியுங்கள். வாயால் சொன்ன கார்பெட் ஏரியா, பயண நேரம், வரப்போகும் திட்டம் எல்லாவற்றையும் "நீங்கள் சொன்னது இது, சரிதானே?" என்று ஒரு செய்தியாக அனுப்பிப் பதிலை வாங்குங்கள். விளம்பரத்தாளையும் இணையத்தில் போட்ட படத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். விவகாரம் என்று வந்ததும் அவைதான் முதலில் காணாமல் போகும்.