‘முட்டை போட்ட ஜோடி’ என்று சொல்லி விற்கப்படும் ஏஞ்சல் மீன்கள்: ஓர் எச்சரிக்கை

ஏஞ்சல் மீன் வளர்ப்பவர்கள் யாராவது இப்போது ‘பிரீடிங் பேர்’ (குஞ்சு எடுப்பதற்காக ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்த ஜோடி) வாங்கும் யோசனையில் இருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆறு மாதம் வீணாகப் போனது. இரண்டு மீன்களைத் தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலையைப்போல ஆறு மடங்கு கொடுத்திருந்தேன். கூடுதலாகக் கொடுத்த ஐந்து பங்கும் ‘ஜோடி’ என்ற ஒரு சொல்லுக்குத்தான். அந்தச் சொல்லே பொய்.

பல வருடங்களாக ஏஞ்சல் வளர்க்கிறேன். ஆனால் குஞ்சு எடுத்ததில்லை. முட்டையிலிருந்து வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. விற்பவரிடம் போனபோது ஒரு தொட்டியில் இரண்டு பெரிய மார்பிள் ஏஞ்சல்கள் மட்டும் தனியாக இருந்தன. சாய்த்து வைத்த கருங்கல் பலகை ஒன்றின் முன்னால், பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மற்ற மீன்களைப்போலக் கையைக் கண்டதும் தீனிக்கு ஓடி வரவில்லை. இடத்தை விட்டு அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றன. வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அது இடம் பிடித்த மீனின் நிற்பு.

“நிச்சயமா ஜோடிதானே அண்ணே?” என்று கேட்டேன்.

“நாலு தடவை முட்டை போட்டிருக்கு தம்பி. கொண்டுபோய் விடுங்க, ரெண்டு வாரத்துல போட்டுடும்.”

கைப்பேசியில் படமும் காட்டினார். அதே பலகை, அதே மீன்கள், பலகை நிறைய முட்டைகள். நான் குஞ்சுகளின் படம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

வீட்டில் 90 லிட்டர் தொட்டி தயாராக இருந்தது. 45 சென்டிமீட்டர் உயரம், நன்றாகப் பழுத்த (நல்ல பாக்டீரியா குடியேறிய) ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டரை 28 டிகிரியில் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை இரண்டும் பலகையை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன. அமேசான் ஆற்றுப் பகுதியில் இவை நீருக்குள் நிற்கும் இலைகளிலும் தண்டுகளிலும் முட்டையிடும். அதனால்தான் தொட்டியிலும் நெட்டுக்குத்தான பரப்பாகத் தேடும். மாலையில் ஒரு மீன் வயிற்றைப் பலகையோடு ஒட்டி, கீழிருந்து மேலாக மெதுவாக ஊர்ந்தது. அது நகர்ந்த வழியெல்லாம் முட்டைகள் கோர்த்ததுபோல வரிசையாக ஒட்டிக்கொண்டன. தேன் நிறம், கண்ணாடிபோலத் தெளிவு, ஒவ்வொன்றும் குண்டூசித் தலையளவு. பின்னாலேயே இன்னொரு மீனும் அதே வழியில் ஊர்ந்தது. நான் அதை ஆண் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் இப்படியே. மறுநாள் படத்தில் எண்ணிப் பார்த்தேன், நானூறுக்கு மேல் இருந்தன.

அடுத்த நாள் மாலைக்குள் பாதி முட்டைகள் வெளுத்துவிட்டன. அதற்கடுத்த நாள் மொத்தமும் வெள்ளை.

கருவுற்ற முட்டை அப்படி ஆகாது. தேன் நிறம் மாறாமல் தெளிவாகவே இருக்கும், உள்ளே கருமையாக ஒரு புள்ளி தெரிய ஆரம்பிக்கும், 28 டிகிரியில் சுமார் இரண்டரை நாளில் பொரிந்து வால்கள் துடிக்கும். இதெல்லாம் படித்திருந்தேன். விற்பவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இடம் மாறினதுல பயந்திருக்கும், அடுத்த தடவை பாருங்க” என்றார். நியாயமான பதில். உண்மையிலேயே அப்படி நடப்பதுண்டு.

பத்து நாள் கழித்து மறுபடி முட்டை. மறுபடி வெள்ளை. இந்தத் தடவை தண்ணீர் மேல் பழி. கடினத்தன்மை அதிகமாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ரொம்பக் கடினமான நீரில் பொரிப்பது குறையலாம். தண்ணீரை மென்மையாக்கும் பொட்டலங்களை அவரிடமே வாங்கினேன். குஞ்சுகளுக்குத் தீனி முன்கூட்டியே தயாராக இருக்கட்டும் என்று ஆர்டீமியா (உப்பு நீரில் வாழும் பொடி இறால்) முட்டையும் அதைப் பொரிக்கும் பாட்டிலும் கொடுத்தார். ஏஞ்சல் முட்டை விழுந்த நாளெல்லாம் ராத்திரி உப்புத் தண்ணீர் கலக்கி, ஏர் பம்ப் மாட்டி ஆர்டீமியா போட்டு வைப்பேன். மறுநாள் மாலையில் அவை பொரிந்து ஆரஞ்சு நிறத்தில் பாட்டிலுக்குள் நீந்தும். அவற்றைத் தின்ன ஒரு குஞ்சும் வந்ததில்லை.

மூன்றாவது தடவைதான் மோசம். “அது பூஞ்சைதான் தம்பி, மெத்திலீன் ப்ளூ விடுங்க” என்றார். தொட்டியிலேயே விடலாமா என்று கேட்டேன். விடலாம் என்றார். விட்டேன். ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அந்த நீலம் அடித்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். அவை போனால் தொட்டி புதுத் தொட்டி மாதிரி ஆகிவிடும். நான்காம் நாள் இரண்டு மீன்களும் நீர்மட்டத்தில் வாயை வைத்து வேகமாகச் செவுள் அடித்துக்கொண்டிருந்தன. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) காட்டியது. அது 0 ஆக இருக்க வேண்டியது. மூன்று வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றித்தான் அவற்றைக் காப்பாற்றினேன். மெத்திலீன் ப்ளூ பயன்படுத்துவதானால் முட்டை ஒட்டிய பலகையை மட்டும் வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி அதில் விட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பூஞ்சை பெரும்பாலும் செத்த முட்டையில்தான் முதலில் பிடிக்கும், அங்கிருந்துதான் பக்கத்து முட்டைக்குப் பரவும். நானூறும் ஒன்றாக வெளுக்கிறது என்றால் கோளாறு பூஞ்சைக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

மீன்கள் தேறிய பிறகு நான்காவது தடவை முட்டை. அதுவும் வெளுத்தது. “ஆண் இன்னும் சின்னது, முதல் நாலஞ்சு தடவை அப்படித்தான் வீணாப் போகும்” என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். என்னிடம் விற்கும்போது ஏற்கெனவே நாலு தடவை போட்டது என்றாரே. அப்படியானால் இது எட்டாவது தடவை.

அடுத்த முறை கைப்பேசியைத் தொட்டியோடு ஒட்டி வைத்து முழுவதையும் படம் பிடித்தேன். ராத்திரி அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஏஞ்சல் மீனில் ஆண் பெண்ணை வெளியிலிருந்து அடையாளம் காண நம்பகமான வழி ஒன்றுதான் உண்டு. முட்டையிடும் சமயத்தில் வயிற்றின் அடியில், கீழ்த் துடுப்புக்குச் சற்று முன்னால், ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு வரும். ஆணுக்கு அது மெல்லியதாக, கூராக, முன்பக்கம் சாய்ந்திருக்கும். பெண்ணுக்குத் தடித்து, முனை மழுங்கி இருக்கும். மற்றபடி நெற்றி மேடு, துடுப்பு நீளம், உடம்பின் அளவு என்று சொல்வதெல்லாம் ஊகம்தான்.

இரண்டு மீன்களுக்குமே தடித்த, மழுங்கிய குழாய். முதல் மீன் ஊர்ந்து முட்டை வைக்கிறது. பின்னால் போகும் ‘ஆண்’ முதலில் வெறுமனே ஊர்கிறது, கால் மணி நேரம் கழித்து அதன் குழாயிலிருந்தும் முட்டை வருகிறது. நானூறு முட்டை எப்படி வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆண் கிடைக்காத இடத்தில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்துகொள்வது சாதாரணமாக நடப்பது. இடம் பிடிக்கும், மற்ற மீன்களை விரட்டும், பலகை சுத்தம் செய்யும், முட்டையிடும், காவலும் காக்கும். பார்க்க நிஜ ஜோடி மாதிரியே இருக்கும். புதிதாக வளர்ப்பவர் ஏமாறலாம். ஆனால் வருடக்கணக்காக ஏஞ்சல் விற்பவர், நாலு தடவை முட்டை வெளுத்ததைக் கண்ணால் பார்த்தவர், அதைத் தெரியாமல் விற்றார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அவருக்கு உபயோகமில்லாத இரண்டு மீன்களை, முட்டைப் படத்தைக் காட்டி என் தலையில் கட்டினார். அதனால்தான் இதைத் தவறு என்று சொல்லாமல் மோசடி என்கிறேன்.

நேரில் போய் நான் பிடித்த வீடியோவைக் காட்டினேன். அவர் மறுக்கக்கூட இல்லை. “முட்டை போடும்னுதான சொன்னேன் தம்பி, குஞ்சு வரும்னு சொன்னேனா?” என்றார். வேண்டுமானால் மேலே பணம் கொடுத்து வேறு ஜோடி எடுத்துக்கொள்ளலாமாம். திரும்பி வந்துவிட்டேன்.

பணத்தைவிட என்னை வருத்துவது வேறொன்று. அந்தக் கடைசி முட்டைகளை நான் உடனே எடுக்கவில்லை. வெள்ளையாகி, பஞ்சு பூத்த முட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டும் மாறி மாறிப் பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. விளக்கை அணைத்த பிறகும் விசிறின. ஒன்று தீனிக்குப் போனால் மற்றது அந்த இடத்துக்கு வந்துவிடும். எட்டிப் பார்த்தால் என் விரலைக் கண்ணாடி வழியாகவே முட்டியது.

சரி, ஜோடி வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் முட்டைப் படத்தை நம்பாதீர்கள். பொரிந்த குஞ்சுகள் பலகையில் துடிக்கும் வீடியோவைக் கேளுங்கள், அதில் அந்தக் குறிப்பிட்ட இரண்டு மீன்களும் தெரிய வேண்டும். மார்பிள், கோய் வகைகளில் ஒவ்வொரு மீனின் கறுப்புத் திட்டும் வேறு வேறு, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வேறு தொட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. வயதையும் கேளுங்கள். பத்து வருடம்வரை வாழக்கூடிய மீன் என்றாலும் முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டு ஜோடியைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி குன்றிய மீன், இளசு என்று சொல்லி விற்பார்கள். நேர்மையான விற்பனையாளர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: நிஜ ஜோடியே தொட்டி மாறியதும் சண்டை போட்டுப் பிரிந்துவிடலாம், முதல் ஓரிரு தடவை போட்ட முட்டைகளைத் தின்றும் விடலாம். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் இப்போது செய்திருப்பது நிதானமான வழி. ஆறு இளம் மீன்களை வாங்கி, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து நோய் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, 250 லிட்டர் தொட்டியில் ஒன்றாக வளர்க்கிறேன். எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அவையே ஜோடி சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். ஆறில் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம், செலவும் அந்த ‘ஜோடி’க்குக் கொடுத்ததில் பாதிதான். பழைய இரண்டு பெண் மீன்களும் நன்றாக இருக்கின்றன, என்னிடமேதான் இருக்கும்.

போன வாரம் அந்த விற்பவரிடம் ஒரு நண்பர் போயிருந்தார். நான் வாங்கிய மீன்கள் இருந்த தொட்டியில் ‘பிரீடிங் பேர்’ என்று சீட்டு ஒட்டி, புதிதாக இரண்டு ஏஞ்சல்களை விட்டிருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பினார். துடுப்புகளை விட்டுவிட்டு அளந்தால் உடம்பு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். முட்டையிடும் வயதுக்கு அவை இன்னும் எத்தனையோ மாதம் வளர வேண்டும்.