வீட்டை விற்கும் முன் ‘துபாய் செடி’ நட்டு மாட்டிக்கொண்டேன்

தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டில் இருந்த எங்கள் பழைய வீட்டைப் போன வருடம் விற்றோம். பின்பக்கம் நாலடி அகலத்தில் ஒரு சந்து, அதுதான் எங்கள் ‘தோட்டம்’. துணி காயப்போடும் கொடி, துவைக்கும் கல், ஓரமாக சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி). காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்ட்டின் பாத்ரூம் ஜன்னல்கள் வரிசையாக எங்களைப் பார்த்தபடி இருக்கும். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் நின்று ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். புரோக்கர்தான் சொன்னார், “சார், பத்தாயிரத்துக்குச் செடி வெச்சு மறைச்சிடுங்க.”

நான் கேட்டது நெட்டிலிங்கம். நர்சரிக்காரர் சிரித்தார். “அது வளர்றதுக்குள்ள உங்க பேரன் வீட்டை வித்துடுவான். துபாய் செடி எடுத்துக்குங்க. அதுவும் நெட்டிலிங்கம் ஜாதிதான், வெளிநாட்டு வெரைட்டி.” ஏழடி உயரம், ஒன்று 400 ரூபாய். 18 செடி, நடும் கூலி 2,000. மொத்தம் 9,200. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி வரும் சார்” என்றார். செடிக்கு என்ன ஜிஎஸ்டி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால், நட்ட அன்று அழகாகத்தான் இருந்தது. நாலு மாதத்தில் அடர்ந்து ஜன்னலெல்லாம் மறைந்தே போனது. நானே போட்டோ எடுத்து விளம்பரத்தில் போட்டேன்.

விலை பேசி முடிக்கும் நிலையில் வந்தவர் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். “இது கோனோகார்பஸ் ஆச்சே. சம்ப் பக்கத்துல போய் யார் வைக்கச் சொன்னது? எங்கம்மாவுக்கு வீசிங் இருக்கு.” நெட்டிலிங்கத்தின் இலை ஓரம் அலை அலையாக நெளிந்து கீழே தொங்கும், இதன் இலை நேராக, ஈட்டி மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. இது சோமாலியா, ஏமன் பக்கத்து மரம், வளைகுடா நாடுகளில் நட்டுப் பரப்பியது. தண்ணீரைத் தேடி வேர் ஓடும், குழாய், கேபிள் என்று எதையும் விடாது, பூக்கும் காலத்தில் மகரந்தத்தால் மூச்சுக்கோளாறு வரும் என்று குஜராத்தில் 2023-லேயே தடை செய்தார்கள். நம் தமிழ்நாடு அரசும் 2025 ஜனவரியில் இதை நடக்கூடாது என்று உத்தரவு போட்டது. எனக்கு விற்றது அதற்கு ஐந்து மாதம் கழித்து. செடி வியாபாரம் செய்பவருக்கு அது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

போன் செய்தேன். “நல்லா வளர்ந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன சார்?” என்று கேட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. கையில் பில்லும் இல்லை, செடியின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டும் இல்லை. எதை வைத்து யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

ஆள் வைத்துத் தோண்டியெடுக்க 4,500 ஆனது. ஒரு குழியில் நானே உட்கார்ந்து மண்ணை விலக்கிப் பார்த்தேன். மற்ற மூன்று பக்கமும் வேர் ஒரு சாண் தாண்டவில்லை. சம்ப் இருக்கும் பக்கம் மட்டும் இரண்டடி போயிருந்தது. சம்ப் சுவரில் வெள்ளை வெள்ளையாக நூல் வேர், ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. விரிசல் விடவில்லை, அதுவரைக்கும் தப்பித்தோம். ஆனாலும் வாங்க வந்தவர் பேசிய விலையில் ஒரு லட்சம் குறைத்தார். நானும் தலையாட்டினேன்.

நர்சரிக்குப் போகிறவர்கள் பையைக் கிழித்து வேரைப் பாருங்கள், செடியின் சரியான பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ‘துபாய் செடி’, ‘ஃபாரின் வெரைட்டி’ என்று ஆரம்பித்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். நாலடிச் சந்துக்கு மரமே வேண்டாம். சுவரில் கம்பி வலை அடித்து, தொட்டியில் ரங்கூன் மல்லியோ சங்குப்பூவோ ஏற்றிவிட்டால் போதும், போகும்போது தொட்டியைத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

வாங்கியவர் அந்த இடத்தில் இப்போது பச்சை ஷேட் நெட் கட்டியிருக்கிறார். போன வாரம் போன் செய்து, தோண்டாமல் விட்ட ஒரு கட்டையிலிருந்து மறுபடி துளிர் வந்திருக்கிறது, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.