ஜார்ஜ்டவுன்ல எங்க சாப்பிடலாம்: மேப் ஸ்டாரா, மிஷலின் ஸ்டிக்கரா, டிரைவர் அண்ணன் சொல்றதா?

மலேசியாவுல நம்ம பினாங்குக்கு, அதோட தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி எங்க சாப்பிடலாம்னுதான். கேட்டுட்டு நான் வாயத் திறக்குறதுக்குள்ள போன எடுத்து மேப்ல ஸ்டார் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், இப்ப மூணு வழியையும் பல வருஷம் பாத்தாச்சு, எது எங்க உதவும்னு மனசுல பட்டத சொல்றேன்.

மொதல்ல மேப் ஸ்டார். ஒரே முதலாளி, ஒரே சமையல்கட்டுன்னு இருக்கிற எடத்துக்கு இது ஓரளவு சரியா வரும். லிட்டில் இந்தியால பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் வாழையிலை சாப்பாடோ காலைல பசியாற தோசையோ தேடுறீங்கன்னா தாராளமா ஸ்டார் பாத்துப் போங்க. ஆனா கோப்பிக்கடைன்னு வந்துட்டா கணக்கே மாறிடும். அங்க முதலாளி பெரும்பாலும் கோப்பி, டீ மாதிரி குடிக்கிறது மட்டும்தான் விப்பாரு, உள்ள இருக்கிற அஞ்சாறு ஒட்டுக்கடையும் வாடகைக்கு எடுத்து நடத்துற வேற வேற ஆளுங்களோடது, அப்ப அந்த 4.4 ஸ்டார் சார் குவே தியாவ் (பட்டையான அரிசி நூடுல்ஸ் வறுவல்) பிரட்டுற அங்கிளுக்கா, பக்கத்துல வான்தான் மீ (கொழுக்கட்டை மாதிரி போட்ட நூடுல்ஸ்) போடுற ஆன்ட்டிக்கா, இல்ல கோப்பிக்கா? மேப்புக்குத் தெரியாது. ஒருதடவ ஈப்போல இருந்து சித்தப்பா குடும்பம் வந்தப்ப ஸ்டார மட்டும் நம்பி கொட்டுற மழையில ஒரு கோப்பிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், ரிவியூல அத்தன பேரும் புகழ்ந்த ஒட்டுக்கடைக்கு அன்னைக்கு லீவு, சரி வந்தாச்சேன்னு பக்கத்துக் கடையில வாங்குன மீ ஊறிப்போயி கூழாட்டம் இருந்துச்சு. சித்தி ஒண்ணுமே சொல்லல, பாதித் தட்டோட எந்திரிச்சிட்டாங்க. அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

மிஷலின், அதாவது சாப்பாட்டுக் கடைங்களுக்கு ஸ்டார் குடுக்கிற பிரெஞ்சு வழிகாட்டி, இந்த விஷயத்துல மேப்ப விட மேல். 2022 கடைசில கோலாலம்பூர், பினாங்கு ரெண்டுக்கும் சேத்து முதல் பட்டியல் வந்துச்சு, பினாங்குல ஓ ஜார்தானுக்கும் பிஷப் ஸ்ட்ரீட்ல இருக்கிற ஆன்ட்டி காய்க் லியான் ஞோஞ்ஞா (சீன-மலாய் கலப்புச் சமையல்) சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு ஸ்டார் கிடைச்சுது. நம்ம கைக்கு அடக்கமானது மிஷலினோட பிப் கூர்மான் (நியாயமான வெலைல நல்ல சாப்பாடு) பட்டியல்தான், ஏன்னா அதுல தனி ஒட்டுக்கடைக்கே பேர் போட்டு வரும், யாரு சமைக்கிறாங்கன்னு தெளிவா தெரியும். கொறன்னா கூட்டம். ஸ்டிக்கர் ஒட்டுனதும் லைன் நீண்டுடும், சின்னப் பிள்ளைங்களையும் வயசானவங்களையும் வெயில்ல நிக்க வெக்க முடியாது.

என் ஓட்டு மூணாவதுக்குத்தான், டிரைவர் அண்ணன் மாதிரி உள்ளூர் ஆளக் கேக்குறது. ஆனா கேக்குற விதம் இருக்கு. "நல்ல கடை எது"ன்னு கேட்டா டூரிஸ்ட்டுக்குச் சொல்ற பேரைத்தான் சொல்வாங்க. "அண்ணே, நீங்க கடைசியா லக்சா எங்க சாப்டீங்க, எத்தன மணிக்குப் போனீங்க"ன்னு ஒரே ஒரு சாப்பாட்ட சொல்லிக் கேளுங்க (லக்சான்னா புளிப்பும் காரமுமா மீன் குழம்புல போட்ட நூடுல்ஸ்). நேரத்தையும் கட்டாயம் கேளுங்க, டிரான்ஸ்ஃபர் ரோட்டு ரொட்டி சானாய்க்கு (நம்ம பரோட்டா மாதிரி) காலைல போகணும், நியூ லேன் ஒட்டுக்கடைங்க சாயந்தரம்தான் களைகட்டும், நேரம் தப்புனா எத்தன ஸ்டார் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நாசி கண்டார்ல இது இன்னும் நல்லா தெரியும். தமிழ் முஸ்லிம்கள் தோள்ல கம்பு வெச்சு ரெண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு வித்த சாப்பாடு அது, கேம்பல் ஸ்ட்ரீட் ஹமீதியா 1907ல இருந்து இருக்கு, பினாங்கு ரோட்டு சந்துல லைன் கிளியர் இருக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு தமிழ்லயே "அண்ணே, இப்ப இறக்குன சட்டி எது?"ன்னு கேளுங்க, முக்காவாசி நேரம் உண்மையச் சொல்வாங்க. சோத்து மேல மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, கருப்பா கெட்டியா இன்னொண்ணு, எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா ஓடி தட்டு ஓரம் வரைக்கும் வந்து நிக்கும், மேல முழு வெண்டிக்காய் ரெண்டு. மாடு சாப்பிடாதவங்க கரண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கலந்து ஊத்தும்போது அந்தக் குழம்பும் விழுந்துடும். எறால், மீன்முட்டை எடுத்தா வெலையும் கேட்டுக்கோங்க, கணக்கு சட்டுனு ஏறிடும். அதே மாதிரி சார் குவே தியாவ்ல நெறய சீனக் கடைங்க பன்னிக் கொழுப்பு போடுவாங்க, வேணாம்னா முதல்லயே கேட்டுருங்க.

சைவக்காரங்களுக்கு மட்டும் வருஷத்துல ஒரு சமயம் இந்த மூணும் வேணாம். சீனர்களோட ஒன்பதாம் மாசம், பெரும்பாலும் அக்டோபர்ல, ஒன்பது பேரரசர் திருவிழா வரும், அந்த ஒன்பது நாளும் தெருத்தெருவா மஞ்சக் கொடி கட்டி சைவ ஒட்டுக்கடை போட்டிருப்பாங்க, அப்ப வந்தீங்கன்னா எனக்கு மெசேஜ் கூட போட வேணாம், கொடியப் பாத்து உக்காந்துடுங்க.