டைனமோ ஹப்பு வாங்கப் போறீங்களா? "கடல் காத்து சார்"னு கதை விடுற கடையில வாங்கிராதீங்க

ராம்நாடு, மண்டபம், பாம்பன் பக்கம் சைக்கிளுக்கு டைனமோ ஹப்பு (சக்கரத்து நடுவுல இருந்து, சக்கரம் சுத்தச் சுத்த லைட்டுக்குக் கரெண்ட் குடுக்குறது) போடலாம்னு யோசிக்கிறவங்க இத படிச்சிட்டு பணத்த எடுங்க. எனக்கு ஹப்பும் போச்சு, லைட்டும் போச்சு, சக்கரத்துக்குக் கம்பி கோத்த கூலி தனி.

நான் கருக்கல்ல பாம்பன்ல இருந்து மண்டபம் போறவன். எதிர்ல மீன் வண்டி ஹை பீம்ல வரும், சார்ஜ் லைட்டு பாதி வழியில கண்ண மூடிரும், டயர்ல உரசுற பழைய பாட்டில் டைனமோ ஈரம் பட்டா வழுக்கும், அதனாலதான் ஹப்புக்கே போயிருவோம்னு மதுரையில ஒரு கடையில, பேரு வேணாம், போன்லயே பேசி ஹப்பு, முன் லைட்டு ரெண்டும் சேத்து 7,500 ரூபான்னு முடிச்சேன். 32 ஓட்டைதான் வேணும்னு சொல்லி வாங்குனேன் (நம்ம கருப்பு சைக்கிளுக்கு முன்னாடி 32, பின்னாடி 40 கம்பி, டைனமோ ஹப்பு முன் சக்கரத்துக்குத்தான், பெரும்பாலும் 32, 36லதான் வரும்). தங்கச்சிமடத்துல பழக்கமான சைக்கிள் கடை அண்ணன் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, ஹப்பு 100 மில்லிமீட்டர் நம்ம ஃபோர்க்கு ஒடுக்கம்னு அத விரிச்சு, அச்சு நுழையிற வாய அரம் போட்டு ராவி மாட்டிக் குடுத்தாரு. பாவம், அவரு மேல ஒரு குத்தமும் இல்ல.

லைட்டு எரிஞ்சுச்சு, எரியலன்னு சொல்லல, ஆனா மினுக்கு மினுக்குன்னு. கடையில கேட்டா "போகப் போக செட்டாயிரும் சார்"ங்கிறான். என்னத்த செட்டாவுறது, புதுசா கல்யாணம் ஆன ஜோடியா அது? ஒரு நா பாலத்து உச்சியில இருந்து மண்டபம் பக்கம் இறங்குறேன், கொண்டல் காத்து முதுகுல தள்ளுது, நல்ல வேகம், பளிச்சுன்னு ஒரு அடி அடிச்சு அணைஞ்சு போச்சு. கழட்டிப் பாத்தா லைட்டு பின்னாடி டிசின்னு போட்டிருக்கு. பேட்டரியில ஓடுற வண்டிக்குப் போடுற லைட்டு அது!

ஹப்பு டைனமோ குடுக்குறது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுற கரெண்ட்; டிசின்னா ஒரே திசையில ஓடுறது. பெட்டியில 6 வோல்ட் 3 வாட்டுன்னு இருக்குறது ஜெர்மன் ரோட்டு ரூலுல இருந்து வந்த கணக்கு, எந்நேரமும் 6 வோல்ட்டுதான் வரும்னு அர்த்தம் இல்ல. டைனமோ கரெண்ட்ட அரை ஆம்பியர் கிட்டத்துல நிறுத்திக்கும், லைட்டு அந்த அளவுக்கு இழுக்கலன்னா வேகம் கூடக் கூட வோல்ட்டேஜ் ஏறிக்கிட்டே போகும். டைனமோவுக்குன்னே செஞ்ச லைட்டுல ஏசிய டிசியாக்குறதும், ஏறுன வோல்ட்டேஜ வெட்டி விடுறதும் உள்ளயே இருக்கும், நல்லதுன்னா வண்டி நின்னாலும் கொஞ்ச நேரம் எரியிற கெப்பாசிட்டரும் இருக்கும். இத தெரியாம ஒருத்தன் டைனமோ ஹப்பு விக்கிறான்னா எப்படி?

போன் பண்ணா உடனே "உங்க ஊரு கடல் காத்துதான் சார், ஹப்புக்குள்ள உப்பு இறங்கிருச்சு, அனுப்புங்க சர்வீஸ் பண்ணித் தரேன், 1,200 ஆகும்." அனுப்புறதுக்கு முன்னாடி நம்ம மாப்ள ஒருத்தன், விசைப்படகு டைனமோ பாக்குறவன், மீட்டர ஏசியில வச்சு சக்கரத்த கையால சுத்துனான், வோல்ட்டு நல்லா ஏறுது. வீடியோவே எடுத்து வச்சிருக்கேன். அத சொன்னாலும் "அது லோடு இல்லாம, லைட்டு மாட்டாம பாத்தது சார், உள்ள போயிருக்கும்"னு சாதிச்சான். சரின்னு கம்பி எல்லாம் பிரிச்சு ஹப்ப மட்டும் அனுப்புனேன்.

திரும்பி வந்த ஹப்புல நட்டு முழுக்க குறடு கடிச்ச தழும்பு, புது கிரீஸு. மாப்ள மீட்டர வச்சாப்ல, ஓம்ஸ் (காயிலோட தடை அளவு) காட்டவே இல்ல. நல்ல ஹப்புன்னா சில ஓம்ஸ்தான் காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா காயிலு அறுந்துருச்சுன்னு அர்த்தம். சாதா ஹப்பு மாதிரி கோன (அச்சுல பால்ஸ இறுக்கிப் புடிக்கிற நட்டு) கழட்டி பால்ஸ் மாத்துற வேலைய இதுல பண்ணா உள்ள இருக்குற மெல்லிசு கம்பி முறுக்கி அறுந்துரும். நல்லா இருந்தத கெடுத்து, அதுக்கு 1,200 வாங்கிட்டு, இப்ப கேட்டா "கம்பி கோத்த ஹப்புக்கு வாரண்டி கிடையாது"ங்கிறான். பிரிச்சு அனுப்பச் சொன்னது யாரு?

கடல் காத்து ஒண்ணும் பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. ஓடிச் சூடான ஹப்பு ஆறும்போது வெளிக் காத்த ஈரத்தோட உள்ள இழுக்கும், ஜெர்மனி ஷ்மிட் கம்பெனி சோன் ஹப்புல அதுக்குன்னே பிரஷர சமப்படுத்துற ஏற்பாடு இருக்கு. நம்ம பக்கம் சீக்கிரம் போறது வயர் மாட்டுற முனை, பச்சைக் களிம்பு ஏறிரும், தொடச்சு லேசா கிரீஸு தடவுனா போதும். ஆனா டிசி லைட்ட வித்ததுக்கு கடல் என்னய்யா பண்ணும்?

வாங்குறவங்க கம்பி கோக்குறதுக்கு முன்னாடியே மீட்டர் வச்சுப் பாருங்க. அச்ச விரலால திருப்புனா காந்தம் புடிச்சுப் புடிச்சு விடும், அத மட்டும் நம்பாதீங்க, காயிலு அறுந்த ஹப்புலயும் அது அப்படித்தான் புடிக்கும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன். பில்லுல வெறும் "சைக்கிள் ஸ்பேர்"னு எழுதிக் குடுத்திருக்கான், இப்ப அதுலதான் இழுபறி. நீங்க வாங்குனா ஹப்பு மாடல் நம்பர், லைட்டுக்கு "டைனமோ 6 வோல்ட் ஏசி"ன்னு ரெண்டையும் பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா போன வச்சுருங்க.